கதை விளையாட ஒரு கம்ப்யூட்டர்: எதை முதலில் வாங்குவது?



தலைப்பில் 'விளையாட' என்று பார்த்ததுமே சில ஆசிரியர்கள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கிட்ட வருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்க சார்! எங்கள் வீட்டில் ஒரு முறை 14,500 ரூபாய் எப்படி வீணாகப் போனது, அடுத்த முறை எப்படிப் போகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் "கேமிங் பி.சி. வாங்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் இந்தத் தாள் முன்னாடி ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.

முதலில் நஷ்டக் கணக்கு

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அம்மா இட்லி கடை வைத்திருக்கிறார். மற்ற நாளில் கடை சும்மா ஓடும். பௌர்ணமி வந்தால்தான் வியாபாரம். கிரிவலம் வருகிற கூட்டம் விடிய விடிய சாப்பிடும். அதனால் எங்கள் வீட்டில் பெரிய செலவை ரூபாயில் சொல்லும் பழக்கமே இல்லை. "கிரைண்டர் ஒண்ணரை பௌர்ணமி", "சைக்கிள் ஒரு பௌர்ணமி" என்றுதான் பேச்சு.

அண்ணன் பாலிடெக்னிக் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கேட்டான். படிக்கவும் வேண்டும், அவனுக்குக் கதை உள்ள கேம் என்றால் உயிர், அதற்கும் வேண்டும். வெளியூரில் ஒரு கடையில் 'ஐ5 கேமிங் பி.சி.' என்று எழுதி, உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட் எரிய வைத்திருந்தார்கள். 14,500 ரூபாய். மூன்று பௌர்ணமி! அம்மா எண்ணிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தது. படிப்புக்கு ஓடியது, பாட்டு ஓடியது, கேம் மட்டும் படம் படமாக நின்று நின்று நகர்ந்தது. "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்டி" என்றான் அண்ணன். எலெக்ட்ரீஷியன் வேலை செய்யும் எங்கள் மாமா வந்து மூடியைத் திறந்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அது ஏதோ ஒரு ஆபீசிலிருந்து கழித்துவிட்ட பெட்டி. உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். 240 வாட். கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வயர் அதில் இல்லவே இல்லை. சரி, பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போடலாம் என்றால், அந்த மதர்போர்டின் பின் அமைப்பு வேறு மாதிரி. கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். எதுவும் பொருந்தாது. பெட்டி ஒல்லி, முழு உயரக் கார்டு உள்ளே நுழையாது. ரேம் டி.டி.ஆர். 3, புது போர்டு எதிலும் ஏறாது. ஒரு சாமானை மாற்றப் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. அது ஐ5 தான். எந்த ஐ5 என்று நாங்கள்தான் கேட்கவில்லை. இன்டெல் ஐ5 என்ற பெயர் 2009 முதல் இருக்கிறது. பின்னால் வரும் நம்பரில்தான் சூட்சுமம். எங்களுக்கு வந்தது ஐ5 3470. முதல் எண் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, 2012ஆம் வருஷத்துச் சரக்கு. 10ஆம் தலைமுறை முதல் நம்பர் ஐந்து இலக்கமாகிவிட்டது. 12400 என்றால் 12ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துபோனது. ஆகவே அந்தப் பெட்டியில் இப்போது பாடத்தில் படித்த உபுண்டுவைப் போட்டு, அம்மா கடைக் கணக்கு எழுத வைத்திருக்கிறோம். மூன்று பௌர்ணமிக்கு ஒரு கணக்கு நோட்டு!

கதை விளையாட்டுக்கு என்ன வேண்டும்?

நம்மில் பலர் கேம் என்றால் சுடுவது, ஓடுவது என்றே நினைக்கிறோம். கதையே முக்கியமான விளையாட்டுகள் தனி வகை. ஒரு நாவலை நாமே உள்ளே போய் நடத்துவது போல. புனேயில் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற குழு செய்து 2020ல் வெளிவந்த 'ராஜி' அப்படி ஒன்று. தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதை, இடையிடையே நிழல் பொம்மலாட்டம் மாதிரி காட்சிகள். நம்ம ஆளுங்க கதையே ஒன்று இருக்கிறது: 'வெண்பா'! கனடாவில் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலையில் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்து அழிந்துபோன அம்மாவின் சமையல் நோட்டு, அதைப் பார்த்து மறுபடி சமைக்கும் வெண்பா. 2024ல் இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை இதற்குத் தந்தது. பெரிய சைஸில் 'தி விட்சர் 3', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' எல்லாம் உண்டு. (இந்த இரண்டும் பெரியவர்களுக்கானவை. அண்ணன் விளையாடுவான், நமக்கு இன்னும் வயசு வரவில்லை. எனக்கு வெண்பாவும் ராஜியும்.)

இந்த வகைக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை. போட்டி கேம் ஆடுகிறவர்கள் விநாடிக்கு 144 படம், 240 படம் என்று பேசுவார்கள். ரெட் டெட் 2 2018ல் பிளேஸ்டேஷன் 4ல் வந்தபோது விநாடிக்கு 30 படத்தில்தான் ஓடியது. அதன் முடிவைப் பார்த்து உலகமே அழுதது. 60 இல்லையே என்று யாரும் அழவில்லை. ஆகவே வேகமான மானிட்டருக்குக் கொட்டும் காசை நாம் மிச்சம் பிடிக்கலாம். எங்கள் வீட்டில் மானிட்டரே வாங்கவில்லை. ஹாலில் இருக்கும் டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகிவிட்டோம்.

ஆனால் இந்த கேம்கள் இடத்தைத் தின்னும். ரெட் டெட் 2 மட்டும் 150 ஜி.பி. 2023ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' இன்னொரு 150. 500 ஜி.பி. டிஸ்க் என்று வாங்கினால், விண்டோஸ் போக இரண்டு பெரிய கதை, கூட இரண்டு சின்னக் கதை, அவ்வளவுதான். ஆகவே பிறகு இன்னொரு டிஸ்க் சேர்க்க மதர்போர்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

வீடு கட்டுகிற மாதிரி

இரண்டாம் முறை வாங்கும்போது மாமா ஒரு வார்த்தை சொன்னார். "வீடு கட்டுறப்ப அஸ்திவாரத்துல காசு போடு. பெயிண்ட்டை எப்ப வேணா அடிச்சுக்கலாம்."

கம்ப்யூட்டரில் அஸ்திவாரம் மூன்று: மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட். இந்த மூன்றும் கேமின் வேகத்தை ஒரு பொட்டுக்கூட ஏற்றாது. அதனால்தான் கடையில் இந்த மூன்றிலும் மட்டமானதை வைத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் லைட் வைத்து விற்கிறார்கள். ஆனால் நாளைக்கு எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை முடிவு செய்வது இந்த மூன்றுதான். பிராசசர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பெயிண்ட். ஸ்குரூ டிரைவர் இருந்தால் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட். பிராசசர் உட்காரும் சதுரம். இதில் ஒரு பெரிய கதை உண்டு, கேளுங்கள். இன்டெல் 2015ல் எல்.ஜி.ஏ. 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 6ஆம், 7ஆம் தலைமுறை அதில் உட்கார்ந்தன. 2017 கடைசியில் வந்த 8ஆம் தலைமுறைக்கும் அதே 1151 பின்தான். ஆனால் பழைய போர்டில் ஓடவில்லை! சாவி நுழையும், பூட்டு திறக்காது. புது போர்டு வாங்கியே ஆக வேண்டியிருந்தது. அதே 2017ல் ஏ.எம்.டி. ரைசன் பிராசசர்கள் ஏ.எம். 4 என்ற சாக்கெட்டில் வந்தன. 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரைக்கும் அதே சாக்கெட்! போர்டு கம்பெனி புது பயாஸ் கொடுத்திருந்தால், 2017ல் வாங்கிய சாதாரண பி350 போர்டிலேயே ஐந்து வருஷம் கழித்து வந்த பிராசசரைப் போட முடிந்தது. இதைப் படித்ததும் அண்ணன் குதித்த குதியில் பாட்டி எழுந்துவிட்டார்.

இன்டெல் மட்டம் என்று நான் சொல்லவில்லை. 12, 13, 14 மூன்று தலைமுறையும் எல்.ஜி.ஏ. 1700 என்ற ஒரே சாக்கெட்டில் ஓடின. ஆனால் 2024 அக்டோபரில் அடுத்த வரிசை வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. "இந்த சாக்கெட்டில் இன்னும் எத்தனை வருஷத்துக்குப் புதுச் சரக்கு வரும்?" என்று கடையில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விழிக்கிற கடையில் வாங்காதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

கார்டு இல்லாமல் ஆரம்பிப்பது எப்படி?

மொத்த பட்ஜெட்டில் பெரிய பங்கைக் கேட்பது கிராபிக்ஸ் கார்டு. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம். அதுவரை படம் தெரிய வேண்டுமே? அதற்காக, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசராகப் பார்த்து வாங்கினோம்: ரைசன் 5 5600ஜி. 2021ல் வந்தது, ஆறு கோர்.

இங்கே ஒரு எழுத்தைக் கவனியுங்கள். ஏ.எம். 4 ரைசனில் கடைசியில் 'ஜி' இருந்தால் கிராபிக்ஸ் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. இன்டெல்லில் கடைசியில் 'எஃப்' இருந்தால் கிராபிக்ஸ் கிடையாது; 12100எஃப் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தால், கார்டு வாங்கும் வரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அடுத்தது ரேம். இதை எனக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. நம் ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். ஆகவே ரேம் எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பதே அதன் வேகம். டி.டி.ஆர். 4, 3200 வேகத்தில் ஒரு குச்சி போட்டால் விநாடிக்கு 25.6 ஜி.பி. போகும். அதே ரேமை இரண்டு குச்சியாகப் போட்டால் இரண்டு வழியிலும் ஓடி 51.2 ஜி.பி.! ரோட்டை இரண்டு வழிச் சாலையாக்கிய மாதிரி. ஆகவே 16 ஜி.பி. ஒரே குச்சி வேண்டாம். 8ம் 8ம் வாங்க வேண்டும். காசு ஏறத்தாழ ஒன்றுதான், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒப்பிட ஒரு கணக்கு: பின்னால் நாங்கள் வாங்கிய கார்டில் இருக்கும் மெமரியின் வேகம் விநாடிக்கு 224 ஜி.பி. அதற்குத்தான் அந்த விலை.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி மாமா எடுத்த பாடம்

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டர் உள்ளே வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட் டி.சி. மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். இதில் மட்டமானதை வாங்கி அது போனால், தான் மட்டும் போகாமல் துணைக்கு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். நம்ம ஊரில் தீபத்தன்றும் பௌர்ணமியிலும் லோடு ஏறி வோல்டேஜ் ஆடுவது எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போய்ப் போய் வரும்.

எவ்வளவு வாட் வேண்டும்? 5600ஜி 65 வாட் வகை. முழு மூச்சில் 88 வரை இழுக்கும். பின்னால் போட நினைத்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 தாண்டாது. ஆனாலும் 550 வாட் வாங்கினோம். அடுத்து எப்போதாவது பெரிய கார்டு போட்டாலும் மறுபடி எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டாம் பாருங்கள்! பெட்டியில் '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை இருக்கிறதா என்று மாமா பார்த்தார். பாதி லோடில் 100 ரூபாய் கரண்ட் இழுத்தால் 85 ரூபாய்க்காவது வேலை செய்யும், மீதிதான் சூடாகப் போகும் என்பதற்கான முத்திரை அது. வெறும் 'வாட்' எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து, எடையே இல்லாமல் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்.

இன்னொன்று எர்த். கேபினெட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இழுக்கிறதா? உங்கள் பிளக் பாயிண்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே சத்தத்தை வடிகட்டும் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் தகரத்துக்கு வரும். எர்த் இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்களைத் தேடும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிற வீடு எத்தனை! எங்கள் வீட்டிலும் அந்த லட்சணம்தான். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் மாமா எர்த் வயர் இழுத்துத் தந்தார். அது இலவசம், மதியச் சாப்பாடு மட்டும்.

ரிச்சி தெரு

2024 தீப வியாபாரம் முடிந்தது. அம்மா எண்ணிப் பார்த்து, "இந்தத் தடவை மூடியைத் திறந்து பார்த்துட்டு வாங்குங்கடா" என்று பணத்தைக் கொடுத்தார். 2025 ஜனவரியில் அண்ணன், மாமா, நான் மூவரும் முதல் பஸ்ஸில் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரில் லோக்கல் ரயில் பிடித்து எழும்பூர். அங்கிருந்து ஆட்டோ.

ரிச்சி தெரு மவுண்ட் ரோடு பக்கத்தில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் உதிரிச் சாமான் என்றால் முதலில் சொல்லும் பெயர் அதுதான். நம்ம ஊர் தேரடித் தெருவைவிடக் குறுகல். இரண்டு பக்கமும் கடை, கடைக்கு மேல் கடை, நடுவில் டிரை சைக்கிள், தலைக்கு மேல் வயர். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும்.

அங்கே கற்றது: ஒரு கடையில் விலை கேட்டதும் வாங்கிவிடக் கூடாது. ஒரு தாளில் ஏழெட்டுச் சாமானை எழுதி, நாலு கடையில் அதே தாளைக் கொடுத்து எழுதி வாங்கினோம். மொத்தத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! "பில் வேணாம்னா கம்மியாகும்" என்று சொன்ன இடமும் உண்டு. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருஷ வாரண்டியை விடுவதா? பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லி வாங்கினார்.

பில் இதோ, அண்ணனின் அனுமதியோடு:

பிராசசர் (5600ஜி): ரூ. 11,800
மதர்போர்டு (பி550): ரூ. 9,200
ரேம் (8 + 8 ஜி.பி.): ரூ. 3,200
எஸ்.எஸ்.டி. (500 ஜி.பி.): ரூ. 3,000
எஸ்.எம்.பி.எஸ். (550 வாட்): ரூ. 3,900
கேபினெட் (மூன்று ஃபேனோடு): ரூ. 3,100
ஆக மொத்தம்: ரூ. 34,200

கீபோர்டு, மவுஸ் பழசு. பாருங்கள், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் மூன்றும் சேர்ந்தே 16,200. கிட்டத்தட்டப் பாதிப் பணம் 'அஸ்திவாரத்தில்'.

மதர்போர்டில் மட்டும் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. ஏ520 என்ற போர்டு 3,000 ரூபாய்க்கு மேல் குறைவு; இந்தப் பிராசசருக்கு அதுவே போதும். நான் அதைத்தான் சொன்னேன். அண்ணன் பி550 என்று நின்றான். அங்கே பார்த்த ஏ520 போர்டுகளில் ரேமுக்கு இரண்டே இடம், டிஸ்க்குக்கு ஒரு எம்.2 இடம். அவன் எடுத்ததில் ரேமுக்கு நாலு, எம்.2 இரண்டு. அதோடு பி550யில் கார்டு போகும் பாதை நான்காம் தலைமுறை வேகம் கொண்டது. 5600ஜி மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் பேசும் என்பதால் இப்போது அது வேஸ்ட்தான். பின்னால் பிராசசரை மாற்றினால் அது திறந்துகொள்ளும். அவன் சொன்னது சரி என்று எட்டு மாதம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டேன். எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுவே முதல் முறை.

கோத்த நாள்

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை குளித்துவிட்டு, பாயை விரித்து, கேபினெட்டைத் தொட்டுத் தொட்டு உடம்பு ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தான் அண்ணன்.

ஏ.எம். 4 பிராசசரின் அடியில் 1,331 பின். முடி மாதிரி இருக்கும். ஒரு மூலையில் சின்ன முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் நேராக வைத்தால் அழுத்தாமலே தானாக இறங்கும். அழுத்தினால் போச்சு! அவன் கை நடுங்கியது. நான் மூச்சு விடவில்லை. இறங்கியது. கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தது. ரேமை இரண்டாவது, நான்காவது இடத்தில் போட வேண்டும் என்று போர்டுப் புத்தகத்தில் இருந்தது. போட்டோம்.

எல்லாம் திருகி முடித்த பிறகு பாயில் ஒரு தகரத் துண்டு மீதி கிடந்தது. பின்பக்கம் வைக்கும் தகடு! மதர்போர்டுக்கு முன்னால் அதை வைத்திருக்க வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். பிறகு பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, டி.வி. கறுப்பு. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்துப் பாட்டிதான், "டி.வி.யில எந்த சேனல் வெச்சிருக்க?" என்று கேட்டார். எச்.டி.எம்.ஐ. 2க்கு மாற்றியதும் படம் வந்தது!

இன்னொரு விஷயம். ரேம் 3200 என்று வாங்கினாலும் முதலில் 2400ல் ஓடிக்கொண்டு இருந்தது. பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்தால்தான் முழு வேகம் வரும். இதைச் செய்யாமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேபினெட்டை மேஜை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயில் உங்களுக்கே தெரியும். முன்னால் உள்ள ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் உள்ளது வெளியே தள்ளும். செங்கம் ரோட்டுப் புழுதிக்கு முன்பக்க வலையை மாதம் ஒரு முறை தட்டிக் கழுவ வேண்டியிருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் ராத்திரி அவ்வளவு அமைதி, மட்டமான ஃபேன் போட்டால் தெருவுக்கே கேட்கும்.

பிறகு வந்த கார்டு

ஏழு மாதம் கார்டு இல்லாமலே ஓட்டினான். ராஜி, ஃபயர்வாட்ச் மாதிரி சின்னக் கதைகளும், எல்லாவற்றையும் குறைத்து வைத்து விட்சர் 3ம் ஓடின. 2025 ஆகஸ்டில் நாலு பௌர்ணமிப் பணம் சேர்ந்தது. ஆர்.எக்ஸ். 6600, 8 ஜி.பி., 20,500 ரூபாய். பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைத்ததே என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேம், ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடாது; அதன் குறைந்தபட்சப் பட்டியலில் ஆர்.எக்ஸ். 6600 இருந்தது. அதைவிடப் பழசை வாங்கினால் வரப்போகும் கதைகளுக்குக் கதவு சாத்திவிடும்.

கோக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? 15 நிமிஷம். மூடியைத் திற, சொருகு, ஒரு வயர், இரண்டு ஸ்குரூ. டி.வி. வயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் சொருகு. பழைய பெட்டியில் முடியவே முடியாது என்று ஆன வேலை!

இப்போது வாங்குபவர்களுக்கு

எங்கள் பில்லைக் காப்பி அடித்துக்கொண்டு போகாதீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மெமரி செய்யும் கம்பெனிகள் ஏ.ஐ. சர்வர்களுக்குச் செய்வதில் இறங்கிவிட்டதால் நம் பக்கம் தட்டுப்பாடு. எஸ்.எஸ்.டி.யும் கூடவே ஏறியது. எங்கள் 3,200 ரூபாய் ரேமை அண்ணன் இப்போது நகை மாதிரிப் பேசுகிறான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நீண்ட நாள் சாக்கெட் ஏ.எம். 5. 2022ல் வந்தது, 2027 வரையாவது, அதற்குப் பிறகும், ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. 2024ல் வந்த 8600ஜி போன்ற பிராசசரில் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் எங்களுடையதைவிட நல்லது. ஆனால் அதற்கு டி.டி.ஆர். 5 ரேம் கட்டாயம், அங்கேதான் விலை கடிக்கும். யாரிடமாவது பழைய டி.டி.ஆர். 4 ரேம் இருந்தால், அல்லது வீட்டில் ஏற்கெனவே ஏ.எம். 4 போர்டு இருந்தால், அதையே வளர்ப்பது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். கார்டு முதலிலேயே கையில் இருக்கிறவர்கள் மட்டும் ஒரு 16 ஜி.பி. குச்சியோடு ஆரம்பித்து, விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம். கார்டுக்குத் தன் மெமரி இருப்பதால் அவ்வளவாக அடிபடாது. கார்டு இல்லாதவர்கள் இரண்டு குச்சி என்பதில் மாறாதீர்கள்.

பென் டிரைவில் ஓசி காப்பி வாங்கி வைரஸ் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பழைய கதை கேம்கள் தள்ளுபடி நாளில் நல்ல விலைக்கு ரூபாயிலேயே கிடைக்கின்றன.

இதோடு எனக்குக் கொடுத்த சார்ட் தாள் முடியப்போகிறது. ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன். கார்டு போட்ட அன்று ராத்திரி, அண்ணன் ரெட் டெட் 2 இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு இருந்தான். 150 ஜி.பி. சும்மாவா? அந்த நேரத்தில் நான் வெண்பாவைப் போட்டேன். முதல் சமையலே இட்லி! தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் தப்பாக அடுக்கினேன். ஊறப்போட அரிசி எடுத்துக்கொண்டு போன அம்மா நின்று பார்த்தார். "அப்படி அடுக்குனா வேகாதுடி" என்று என் கையிலிருந்து மவுசை வாங்கினார். அந்த அம்மா வெண்பாவின் அம்மா நோட்டைப் புரட்டுகிற இடம் வந்தது. எங்கள் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரெட் டெட் இறங்கி முடிந்தது. அண்ணன் இரண்டு தடவை செருமிப் பார்த்தான். அம்மா மவுசை விடவில்லை.

— 11ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி
(கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்க விரும்புவோர் மதிய இடைவேளையில் கடைசி பெஞ்சுக்கு வரவும். திருப்பித் தர வேண்டும்!)